சீப்பு நட்ட தொட்டி

டெய்லரம்மா: ...அந்தக் கூடை மூடி சரியா நிக்கல. போற வழியில பூனை தலையை வெளிய நீட்டிரும்.

சலூன்காரர்: நீட்டட்டுமே. வேடிக்கை பார்த்துக்கிட்டே போகட்டும்.

டெய்லரம்மா: வண்டியில இருந்து குதிச்சிருச்சுன்னா?

சலூன்காரர்: மேஸ்திரி குதிக்க மாட்டாரு. இறங்கற இடத்துல மண்ணு எப்படின்னு பார்க்காம அவரு கால் வைக்கறதே இல்ல.

டெய்லரம்மா: மேஸ்திரி மேஸ்திரின்னு சொல்லாதீங்க. நூல்கண்டுன்னு பேரு வச்சிருக்கேன். குட்டியா இருந்தப்ப தையல் மெஷினுக்கு அடியில அப்படியே சுருண்டு கிடக்கும்...

சலூன்காரர்: உன் வீட்டுல நூல்கண்டு. என் வீட்டுக்கு வந்து தொட்டி தொட்டியாத் தோண்டினப்புறம் மேஸ்திரி. பதவி உயர்வு.

டெய்லரம்மா: உங்க வீடு.

சலூன்காரர்: ம்?

டெய்லரம்மா: ஒண்ணுமில்ல. அந்த நாடாவை எடுங்க, கட்டிடறேன்.

சலூன்காரர்: நம்ம வீடுன்னுதான் சொல்ல வந்தேன்.

டெய்லரம்மா: வந்தீங்க. சொல்லலையே.

சலூன்காரர்: கல்யாணம் ஆகி நாலு மாசந்தானே ஆச்சு... வாய் பழகணும்ல. இத்தனை வருஷம் தனியாவே பேசிக்கிட்டு இருந்த வாய்.

டெய்லரம்மா: என் வாயும் தனியாப் பேசினதுதான். இதுகிட்ட. ம்னும் சொல்லாது, உம்னும் சொல்லாது. ஆனா எழுந்து போகாது.

சலூன்காரர்: ...உன் தங்கச்சி எப்ப வர்றேன்னாங்க?

டெய்லரம்மா: வருவா. மத்தியானத்துக்குள்ள.

சலூன்காரர்: ஆட்டோவுலயா?

டெய்லரம்மா: ஆமா... இல்ல, பஸ்ஸா இருக்கும். எனக்கென்ன தெரியும்? கூட்டிட்டுப் போறது அவ பொறுப்பு. அது இருக்கட்டும், நீங்க ஏன் இன்னும் கடைக்குப் போகல?

சலூன்காரர்: கத்திரிக்கோல் சாணைக்குப் போயிருக்கு.

டெய்லரம்மா: எல்லாமேயா?

சலூன்காரர்: எல்லாந்தான்.

டெய்லரம்மா: அப்ப சட்டைப் பையில நீட்டிக்கிட்டு இருக்கறது?

சலூன்காரர்: இதா... இது மூக்கு முடி வெட்டறது. இதை வச்சு எந்தத் தலையை வெட்டறது? விடிஞ்சிரும்.

டெய்லரம்மா: கத்திரிக்கோலைப் பத்தி என்கிட்டயே கதை விடறீங்க. நானும் அதை வச்சுப் பொழைக்கறவதான்.

சலூன்காரர்: சரி... அனுப்பித்தான் ஆகணுமா?

டெய்லரம்மா: ஆகணும்.

சலூன்காரர்: நான் ஏதாவது ஒரு வார்த்தை சொன்னேனா?

டெய்லரம்மா: அதுதாங்க. சொல்லலையே. திட்டியிருந்தா கூடப் பரவாயில்ல. முந்தாநாள் சாயந்திரம் வந்தீங்க. ஜன்னலோரம் அந்தப் பெரிய தொட்டி சாஞ்சு கிடக்கு. தரையெல்லாம் மண்ணு, வேரு வெளிய தெரியுது. உங்க முதல் சம்சாரம் வச்ச செடி. நான் பார்க்காத அக்கா.

சலூன்காரர்: ம்.

டெய்லரம்மா: செருப்பைக் கூடக் கழட்டல நீங்க. கடையில பிடரி முடி தட்டுவீங்களே, அந்தப் பிரஷ்ஷை எடுத்துட்டு வந்து உக்காந்தீங்க. ஒவ்வொரு இலையா முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி... நான் விளக்குமாறோட பக்கத்துல நிக்கறேன். என் பக்கம் திரும்பவே இல்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனி இது இங்க வேண்டாம்.

சலூன்காரர்: நாமளும் ஒண்ணும் பண்ணாம விடலையே. அது தோண்டாம இருக்க நான் சீப்பெல்லாம் நட்டேனே.

டெய்லரம்மா: நட்டீங்க. கடையில கிடந்த பழைய சீப்பையெல்லாம் அள்ளிட்டு வந்து, பல்லு மேல பார்க்கற மாதிரி மண்ணுல வேலி கட்டினீங்க. அது வந்து தாடையைச் சொறிஞ்சுட்டுப் போச்சு.

சலூன்காரர்: தாடை மட்டுமா? முதுகு, காது, எல்லாம். இத்தனை வருஷத் தொழில்ல அவ்வளவு திருப்தியான வாடிக்கைக்காரரை நான் பார்த்ததில்ல.

டெய்லரம்மா: தினம் ரெண்டு வேளை வந்துச்சு.

சலூன்காரர்: உன் உறை மட்டும் என்னவாம்?

டெய்லரம்மா: என் உறையைக் குறை சொல்லாதீங்க. தொட்டிக்குத் தொட்டி கழுத்து அளவெடுத்து, சுருக்குக் கயிறு வச்சு, செடி மட்டும் தலையை நீட்டற மாதிரி...

சலூன்காரர்: நான் குறையா சொன்னேன்? எல்லாத் தொட்டியும் கழுத்து வரைக்கும் துணி போர்த்திக்கிட்டு வரிசையா உக்காந்திருந்துச்சு. தூக்கக் கலக்கத்துல எழுந்து வந்தவன், "அடுத்து யாரு?"ன்னு கேட்டுட்டேன்.

டெய்லரம்மா: கேட்டீங்க. குரோட்டன்ஸைப் பார்த்து.

சலூன்காரர்: அதுக்குத்தான் முடி ஜாஸ்தியா இருந்துச்சு.

டெய்லரம்மா: அது என்னடான்னா, உறை மேலயே ஏறிப் படுத்துக்கிச்சு. மெத்தை தைச்சுக் கொடுத்தாப்ல.

சலூன்காரர்: அப்புறம் மண்ணு மேல பரப்பின கூழாங்கல்.

டெய்லரம்மா: அத்தனையையும் ஒவ்வொண்ணா உருட்டிட்டுப் போய்க் கட்டிலுக்கு அடியில சேர்த்து வச்சுது. பெருக்கும்போது விளக்குமாறே உடைஞ்சுது.

சலூன்காரர்: யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும்பாங்க. இங்க நீங்க ரெண்டு பேரும் வந்ததுல இருந்து பூனை காலந்தான்.

டெய்லரம்மா: கடைசியில ஆரஞ்சுத் தோல்தான் கேட்டுச்சு. அந்தப் புளிப்பு வாசனை பூனைக்கு ஆகாது. போட்டதுல இருந்து சின்னத் தொட்டிங்க பக்கம் அது எட்டியே பார்க்கல.

சலூன்காரர்: தோலுக்காக யார் அத்தனை ஆரஞ்சையும் தின்னதுன்னு சொல்லு. "இன்னொண்ணு சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது"ன்னு உரிச்சு உரிச்சுக் கொடுத்தே. நானும் பாசம்னு நினைச்சு...

டெய்லரம்மா: பாசமுந்தான்.

சலூன்காரர்: தோல் போக மிச்சம்.

டெய்லரம்மா: சிரிக்க வைக்காதீங்க. இன்னிக்குச் சிரிக்கற நாள் இல்ல.

சலூன்காரர்: ஒண்ணு கேக்கறேன். எல்லாத் தொட்டியிலயும் தோல் போட்டே. ஜன்னலோரத் தொட்டியில மட்டும் ஏன் போடல? ஒரு துண்டு கூட இல்ல. மண்ணை அள்ளும்போது பார்த்தேன்.

டெய்லரம்மா: அது அக்காவோடது. அதுல நான் எப்படிக் கை வைக்கறது? அதுக்கு உறையும் தைக்கல. அளவெடுக்கக் கூடக் கிட்ட போகல.

சலூன்காரர்: யாராவது தொடக் கூடாதுன்னு சொன்னாங்களா?

டெய்லரம்மா: யாரும் சொல்லல. தொடலாம்னும் சொல்லல... நூல்கண்டும் மணல் தட்டுல போற பூனைதாங்க. என் பழைய வீட்டுல ஒரு நாள் தப்பினதில்ல. இங்க வந்து கொஞ்ச நாள்ல, தட்டுகிட்ட போகும், மோந்து பார்க்கும், மூஞ்சியைத் திருப்பிட்டு வந்துரும். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு இந்த வீடு பிடிக்கல.

சலூன்காரர்: அதுக்கா?

டெய்லரம்மா: அதுக்குத்தான்.

சலூன்காரர்: உனக்கு?

டெய்லரம்மா: ...கூடைக்கு அடியில விரிக்க ஏதாவது துணி வேணும். என் சூட்கேஸ்ல மேலாப்புல ஒரு பழைய சேலை இருக்கும், எடுங்க.

சலூன்காரர்: இரு... அடேயப்பா. என்ன இந்தக் கனம் கனக்குது? இன்னும் எடுத்து அடுக்கவே இல்லையா நீ?

டெய்லரம்மா: அலமாரியில இடமில்ல.

சலூன்காரர்: பாதி அலமாரியைக் காலி பண்ணி வச்சேனே.

டெய்லரம்மா: வச்சீங்க. "அடுக்கிக்கோ"ன்னு சொல்லல.

சலூன்காரர்: காலியா இருந்தா அடுக்கிக்குவேன்னு நினைச்சேன்.

டெய்லரம்மா: காலி இடத்தைப் பார்த்ததும் போய் உக்காந்துக்க நான் என்ன பூனையா? சேலையைக் கொடுங்க. அதைத் தூக்கிட்டு வாங்க. மெஷினுக்கு அடியிலதான் இருக்கு.

சலூன்காரர்: நானா? என்கிட்ட வருமா அது?

டெய்லரம்மா: எனக்குக் கை வரல. நீங்களே தூக்கி வச்சிருங்க.

சலூன்காரர்: மேஸ்திரி... வாங்க. வாங்க சார். ஒரே ஒரு தடவை... பார்த்தியா? ஓடிட்டாரு.

டெய்லரம்மா: குனிஞ்ச வேகத்துல பயந்திருக்கும்.

சலூன்காரர்: பயமெல்லாம் இல்ல. என் கையைக் கண்டாலே மூஞ்சி சுளிக்கறாரு. போறப்பவாவது ஒரு தடவை மடியில உக்காருவாருன்னு பார்த்தேன். வந்ததுல இருந்து ஒரு நாள் கூட இல்ல. ஊர்ல இருக்கறவங்க எல்லாம் என் கையில தலையைக் கொடுக்கறாங்க. கத்தி இருக்கற கையில. இவரு மட்டும்...

டெய்லரம்மா: இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?

சலூன்காரர்: பூனை சேர்த்துக்க மாட்டேங்குதுன்னு இந்த வயசுல போய்ச் சொல்லிக்கிட்டு...

டெய்லரம்மா: உங்களைப் பிடிக்காம இல்லைங்க. உங்க செருப்பு மேல தலை வச்சுத் தூங்குது. காலுக்கடியில வந்து படுக்குது. கையை மட்டுந்தான்... கையில என்ன தடவறீங்க?

சலூன்காரர்: ஒண்ணும் தடவல. கடை லோஷன்தான். சீப்பு, கத்தி எல்லாம் ஊறப் போடுவேன்ல, அது. எலுமிச்சை வாசனை, நல்லா இருக்கும்.

டெய்லரம்மா: எலுமிச்சையா?

சலூன்காரர்: அழுக்கு அப்படியே போயிரும். அதை ஊத்தித்தானே மணல் தட்டைக் கூட...

டெய்லரம்மா: மணல் தட்டைக் கூட?

சலூன்காரர்: கூடையைக் கட்டிட்டியா?

டெய்லரம்மா: கூடை கிடக்கட்டும். மணல் தட்டைக் கூட என்ன?

சலூன்காரர்: ...கழுவறேன்.

டெய்லரம்மா: எப்ப?

சலூன்காரர்: தினம். காலையில நீ பால் வாங்கப் போறப்ப.

டெய்லரம்மா: தினமா? ஏன்?

சலூன்காரர்: கல்யாணத்தன்னிக்கே சொன்னியே, "பூனை வேலை பூரா என்னோடது, உங்களுக்கு ஒரு சிரமமும் வராது"ன்னு. வந்த புதுசுல ஒரு நாள் தட்டைக் குனிஞ்சு அள்ளிட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்தே பாரு... பகல் பூரா மெஷின்ல குனியறவ. அன்னியில இருந்து நான் கழுவிட்டு, புது மணல் போட்டு வச்சிடறது. சொன்னா நீ விட மாட்டே.

டெய்லரம்மா: லோஷன் ஊத்தி.

சலூன்காரர்: ரெண்டு மூடி. சுத்தமா இருக்கட்டும்னு.

டெய்லரம்மா: எனக்கு வாசனையே தெரியலையே... பஞ்சுத் தூசியில இந்த மூக்கு போயே எத்தனையோ வருஷமாச்சு. நான் தினம் தட்டைப் பார்ப்பேன். பளபளன்னு இருக்கும். "ஐயோ, இன்னிக்கும் போகலையே"ன்னு மனசு கிடந்து அடிச்சுக்கும்.

சலூன்காரர்: எனக்கும்தான் அப்படியே இருந்துச்சு. முதல்ல கொஞ்ச நாள் ஏதாவது கிடக்கும். அப்புறம் போட்ட மணல் போட்டபடி இருக்கும். "சே, எவ்வளவு நாகரிகமான பூனை, வெளிய போய்ட்டு வருது போல"ன்னு...

டெய்லரம்மா: ஒண்ணுமே இல்லாத தட்டையா தினம் கழுவினீங்க?

சலூன்காரர்: கழுவிப் பழகின கைம்மா.

டெய்லரம்மா: நாகரிகமான பூனையாம். தொட்டி தொட்டியா அது போய் வச்சதையெல்லாம் நீங்க வர்றதுக்குள்ள அள்ளிக் கொட்டினது யாரு?

சலூன்காரர்: போய் வேற வச்சுதா? தோண்டி மட்டும் விளையாடுதுன்னு சொன்னே?

டெய்லரம்மா: உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சிரமமே வராதுன்னு வாக்குக் கொடுத்துட்டு.

சலூன்காரர்: அடடா... அப்ப தட்டுல எலுமிச்சை...

டெய்லரம்மா: சின்னத் தொட்டியில எல்லாம் ஆரஞ்சு.

சலூன்காரர்: வீட்டுல வேற மண்ணு எங்க இருக்கு?

டெய்லரம்மா: ஜன்னலோரத்துல. நான் கை வைக்காத தொட்டியில.

சலூன்காரர்: பாவம்யா மேஸ்திரி.

டெய்லரம்மா: வாயில்லா ஜீவன். எங்கதான் போகும்? எல்லாக் கதவையும் நாமளே சாத்திட்டு, அதைப் போய்க் குத்தம் சொல்லி... முதல்ல போய் அந்தக் கையை வெறும் தண்ணியில கழுவிட்டு வாங்க. நல்லாத் தேய்ச்சு.

சலூன்காரர்: ...இந்தா. கழுவியாச்சு. போதுமா?

டெய்லரம்மா: உக்காருங்க. கூப்பிடாதீங்க, அதுவா வரும். கையை மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.

சலூன்காரர்: சும்மாதான் இருக்கேன்.

டெய்லரம்மா: இருந்தாலும் ஒண்ணு கேக்கணும். தட்டு சரி, தோல் சரி. அன்னிக்கு ஏன் என் பக்கம் திரும்பல? கோவம்னா கோவம்னு சொல்லுங்க. தாங்கிக்குவேன். அந்த முதுகைத்தான் தாங்க முடியல.

சலூன்காரர்: கோவமில்ல. பல்லு தடம் இருக்கான்னு பார்த்தேன்.

டெய்லரம்மா: என்ன தடம்?

சலூன்காரர்: அந்தச் செடியோட பால் ஆகாது. வாயில பட்டா நாக்கு வீங்கிரும். குழந்தைங்க யாராவது வீட்டுக்கு வந்தா, "அதைத் தூக்கி உசரத்துல வைங்க"ன்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா. உள்ள வந்ததும் மண்ணைப் பார்த்தேன், செருப்பைக் கழட்டக் கூடத் தோணல. மேஸ்திரி எதையாவது கடிச்சு வச்சாரான்னு ஒவ்வொரு இலையாத் திருப்பிப் பார்த்தேன்.

டெய்லரம்மா: ...இதுக்காகவா?

சலூன்காரர்: ஒரு இலையிலயும் தடம் இல்ல. அப்பாடான்னு கடைசி இலையை விட்டப்புறந்தான் நினைப்பு வருது... இது அவ வச்ச செடியாச்சே. வேரு வெளிய கிடக்கே. அதை நான் ரெண்டாவதாத்தானே நினைச்சேன்? முன்னெல்லாம் ஒரு இலை பழுத்தாக் கூட எனக்குச் சோறு இறங்காது. வெக்கமாப் போச்சு. அவளை நினைச்சு வெக்கமா, சந்தோஷமா, ஒண்ணும் புரியல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் பக்கம் திரும்பறதுன்னு தெரியல. அதான்... அழறியா?

டெய்லரம்மா: பஞ்சுத் தூசி.

சலூன்காரர்: இங்க ஏது பஞ்சு?

டெய்லரம்மா: இருக்கு எங்கேயோ. விடுங்க.

சலூன்காரர்: அந்தத் தொட்டியே அதுக்குப் பத்தல. வேரு சுத்திச் சுத்தி மண்ணே தெரியல. மேஸ்திரி தோண்டலைன்னா நான் பார்த்திருக்கவே மாட்டேன். பெரிய தொட்டிக்கு மாத்தணும். தனியாத் தூக்க முடியாது. நீயும் ஒரு பக்கம் பிடி.

டெய்லரம்மா: நான் பிடிக்கலாமா?

சலூன்காரர்: பிடி. அப்புறம் கழுத்து அளவெடுத்து ஒரு உறை தை. நல்ல துணியா... மெதுவா... அசையாதே. வர்றாரு.

டெய்லரம்மா: பார்த்தேன். நீங்க அசையாதீங்க.

சலூன்காரர்: மோந்து பார்க்கறாரு... ஏறிட்டாரு. ஏறிட்டாருடி. என்ன கனம்.

டெய்லரம்மா: கண்ணைத் துடைச்சுக்குங்க.

சலூன்காரர்: பஞ்சுத் தூசி.

டெய்லரம்மா: இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க.

சலூன்காரர்: என்ன சொல்லணும்?

டெய்லரம்மா: உங்களுக்கே தெரியும்.

சலூன்காரர்: ...அனுப்ப வேண்டாம். மேஸ்திரி இங்கதான் இருக்கணும். நீ அந்த சூட்கேஸைக் காலி பண்ணு. அதைப் பரண் மேல தூக்கிப் போடறேன். இது நம்ம வீடு.

டெய்லரம்மா: ம்.

சலூன்காரர்: வெறும் "ம்"தானா? அவ்வளவுதானா? இதைச் சொல்லத்தான் நான் இன்னிக்குக் கடையே திறக்கல.

டெய்லரம்மா: கத்திரிக்கோல் சாணைக்குப் போயிருக்குன்னீங்க?

சலூன்காரர்: அது கடையில பத்திரமா இருக்கு. வாய்தான் சாணைக்குப் போயிருந்துச்சு... சரி, உன் தங்கச்சி? பாதி வழி வந்திருப்பாங்களே.

டெய்லரம்மா: ஆமால்ல. இருங்க, ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்.

சலூன்காரர்: மெதுவாப் பேசு. எழுப்பிடாதே.

டெய்லரம்மா: ஹலோ... நான்தாண்டி. எங்க வந்துட்டிருக்கே? ...பாலம் தாண்டிட்டியா? அடடா... இல்லடி, வர வேண்டாம். பூனையை அனுப்பல... ஆமா. உங்க மாமாதான் விடவே மாட்டேங்கறாரு. ஒரே பிடிவாதம்... சரி சரி, கத்தாதே. அப்படியே இறங்கித் திரும்பிரு. வச்சுடறேன்.

சலூன்காரர்: கோவமா?

டெய்லரம்மா: பின்ன? அவ்வளவு தூரம் வந்தவளைத் திரும்பிப் போன்னா?

சலூன்காரர்: பாவம்.

டெய்லரம்மா: பாவந்தான்.

சலூன்காரர்: ஃபோனைக் கொடேன். நானும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடறேன்.

டெய்லரம்மா: வச்சுட்டாளே.

சலூன்காரர்: ம்... காலையில நல்லாத்தான் பேசினாங்க.

டெய்லரம்மா: ...யாரு?

சலூன்காரர்: உன் தங்கச்சிதான். நீ பால் வாங்கப் போயிருந்தப்ப நான் கூப்பிட்டேன். "தயவு பண்ணி இன்னிக்கு வந்துராதீங்கம்மா, ஏதாவது சாக்கு சொல்லிடுங்க. பூனை போச்சுன்னா அவ சூட்கேஸும் பின்னாலயே போயிருமோன்னு பயமா இருக்கு"ன்னு கெஞ்சினேன்.

டெய்லரம்மா: ...அவ என்ன சொன்னா?

சலூன்காரர்: "எந்தப் பூனை மாமா? நான் எங்க வரணும்?"னு கேட்டாங்க.